மாரியிலும் நனையாத மதகு

என் அக்காவின் வயலையும் வீட்டையும் தண்ணீருக்குள் தாழ்த்தியது மழை அல்ல, நீங்கள். கொழும்பில் இருந்துகொண்டு நாடு முழுவதற்கும் பெருவீதி போடுகிற கந்தோரின் தலைவரே, உங்களைத்தான் சொல்கிறேன். உங்களுக்கு முன்பு அந்தக் கதிரையில் இருந்தவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆட்கள் மாறினார்கள், கதிரை மாறவில்லை.

யாழ்ப்பாணம் போகிற ஏ-ஒன்பது வீதியிலிருந்து கிழக்கே கடல் பக்கமாகப் பிரிந்து போகிற உங்கள் வீதி ஒன்றின் ஓரத்தில் நான் டயர் ஒட்டுகிற கடை வைத்திருக்கிறேன். வீதியில் குழி விழுந்தால் எனக்குச் சோறு. ஆகவே குழியைப் பற்றி முறையிட நான் பேனை எடுக்கவில்லை. குழிகளுக்கு நன்றி. நீங்கள் எங்களிடம் அனுப்பிவைத்த ஒரு மனிதரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அவருடைய பெயரை எழுத மாட்டேன். எழுதினால், எல்லாம் அந்த ஒருவரின் பிழை என்று சொல்லிவிட்டு நீங்கள் கை கழுவிவிடுவீர்கள். எங்களுக்கு அவர் இஞ்சினியர் ஐயா. எங்கள் பகுதி வீதியைக் கட்டுவதற்கும், கட்டிய பிறகு பார்த்துக்கொள்வதற்கும் பொறுப்பாக உங்கள் கந்தோர் அனுப்பிய ஆள். அது போதும்.

அவர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும். கெட்டவனை ஏசலாம், அவனுடைய வாகனத்தை மறிக்கலாம், அவனுக்கு எதிராகச் சந்தியில் பந்தல் போட்டுக் குந்தலாம். இவரை என்ன செய்வது? பின்னால் சாமான் ஏற்றுகிற தட்டு வைத்த வெள்ளைக் கப் வாகனம் என் கடைக்கு முன்னால் நிற்கும். மற்ற அதிகாரிகளைப் போலக் கண்ணாடியை அரைவாசி இறக்கிக் கதைக்க மாட்டார். இறங்கி வருவார். வாங்குப் பலகையில் இருக்கலாமா என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் இருப்பார். பக்கத்துக் கடையிலிருந்து வெறும் தேத்தண்ணி வரும். பனங்கட்டியைக் கடித்துக் கடித்துக் குடிப்பார். யாராவது குறை சொல்ல வந்தால் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிடுவார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணைப் பாதி மூடி, சொல்கிறவர் சொல்லி முடிக்கும்வரை கேட்பார். முடிந்த பிறகும், இன்னும் ஏதாவது மிச்சம் இருக்குமோ என்று கொஞ்சம் பொறுப்பார். பிறகு சொல்லுவார்:

"நீங்கள் சொல்லுறது முழுக்கச் சரி."

இந்த ஒரு வசனத்தால் அந்த மனிதர் எங்கள் ஊரையே வாங்கிவிட்டார். அது எப்படி என்று கொழும்பில் இருக்கிற உங்களுக்கு விளங்காது. நாங்கள் சண்டை முடிந்து அகதி முகாமிலிருந்து வந்தவர்கள். வந்த நாளிலிருந்து எந்த மேசைக்கு முன்னால் போய் நின்றாலும் நாங்கள் பிழை. காணி உறுதி இல்லாதது பிழை, படம் மங்கலாக இருப்பது பிழை, இன்றைக்கு வந்தது பிழை, நேற்று வராதது பிழை. அப்படிக் கிடந்த சனத்துக்கு முன்னால் சப்பாத்துப் போட்ட ஒரு மனிதர் வந்து நின்று, நீங்கள் சொல்வது சரி என்கிறார். வயல் செய்கிற எங்கள் கமக்காரர் அமைப்பின் தலைவர் அன்றைக்கு என் கடையில் நின்று கண் கலங்கினார். "இப்பிடி ஒரு மனுசனை நான் இந்த உத்தியோகத்தில கண்டதில்லை," என்றார். நானும் கண்டதில்லை.

சரி என்று சொன்ன பிறகு என்ன நடந்தது என்று பார்க்கிற பழக்கம் எங்களுக்கு அப்போது இருக்கவில்லை.

முதலில் பஸ் தரிப்பிடத்தைச் சொல்கிறேன். வீதி அகலிக்கும்போது ஒரு தரிப்பிடமும் கட்டித் தருவதாக இருந்தது. பள்ளிக்கூடத்துப் பக்கத்து ஆட்கள் வந்து, பிள்ளைகள் வெயிலில் நிற்கிறார்கள், பள்ளிக்கூடத்தடியில்தான் வேண்டும் என்றார்கள். "முழுக்கச் சரி," என்றார் ஐயா. அடுத்த நாள் சங்கக் கடைப் பக்கத்து ஆட்கள் வந்தார்கள். சாமான் வாங்குகிற சனம் எல்லாம் அங்கேதான் இறங்குகிறது, அங்கேதான் வேண்டும் என்றார்கள். "நீங்கள் சொல்லுறதும் முழுக்கச் சரி," என்றார். இரண்டு பகுதியும் சந்தோசமாகப் போனது. தரிப்பிடம் இரண்டுக்கும் நடுவில், ஒரு வீடும் இல்லாத, ஒரு பஸ்ஸும் நிற்காத பற்றைக்குள் எழும்பியது. நல்ல கட்டடம். தகரக் கூரை, சீமெந்து வாங்கு, நீலப் பூச்சு. இன்றுவரை அதை ஆடுகள் பாவிக்கின்றன. மத்தியான வெயிலில் போய்ப் பார்த்தால் வாங்கின் மேலே ஏறி வரிசையாகப் படுத்திருக்கும். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரியே இருக்கும்.

ஒருநாள் அவருடைய வாகனத்துக்கே காற்றுப் போனது. அவருடைய வீதியில், அவருடைய ஆட்கள் கொட்டிவிட்டு அள்ளாமல் போன சல்லிக்கல்லில். டயரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கல்லை எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த றோட்டுக்கு ஆர் பொறுப்பு எண்டு கேக்கோணும், தம்பி," என்றார்.

"நீங்கள்தான் ஐயா பொறுப்பு."

"அதுவும் சரி."

சிரிக்கவில்லை. உண்மையாகவே ஒத்துக்கொண்டார். எனக்குத்தான் சிரிப்பு வந்தது. அன்றைக்குச் சிரித்தேன்.

இனி மதகு, வீதிக்குக் கீழால் தண்ணீர் போகக் கட்டுகிற சின்னப் பாலம். இதற்காகத்தான் இவ்வளவும்.

எங்கள் ஊரின் நிலம் தெற்கே உயரம், வடக்கே பள்ளம். மாரியில் குளம் நிரம்பி வான் பாய்கிற தண்ணீரும் காட்டுத் தண்ணீரும் தெற்கிலிருந்து வந்து, என் அக்காவின் வயலால் இறங்கி, ஒரு மருத மரத்தடியில் வீதியைக் கடந்து, வடக்கே கடலோரக் களப்பைப் பார்த்துப் போகும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்தக் குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்த எங்கள் அப்பா காலத்திலிருந்து அதுதான் வழி. மருத மரத்தடியில் ஒரு பழைய மதகு இருந்தது. சண்டைக் காலத்தில் அது உடைந்தது. பிறகு யாரோ கிறவல் மண் கொட்டி நிரவி, மேலே வாகனம் ஓடியது. தண்ணீர் அந்தக் கிறவலைக் கழுவிக்கொண்டு போகும், மாரி முடிய நாங்கள் திரும்பவும் போடுவோம். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அதே சண்டைக் காலத்தில் எங்கள் ஊருக்குக் குறுக்கே குண்டுக்கு மறைப்பாக ஒரு மண் அணை போட்டார்கள். அணைக்கு மண் வேண்டுமே, அதற்கு முன்னால் நீளமாக ஒரு அகழி வெட்டினார்கள். அது மருத மரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், மேட்டு நிலத்தில், வீதியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. ஊர் திரும்பிய பிறகு அணை மண்ணைச் சனம் வீட்டுக்கு அத்திவாரம் நிரப்ப அள்ளிவிட்டது. அகழி மட்டும் வீதியின் இரண்டு பக்கமும் மிஞ்சியது. அதன் தெற்கு நுனியும் மேட்டிலேயே முடிகிறது, வயல் தண்ணீர் அதற்குள் ஏறாது. சண்டைக்கு வெட்டுகிறவன் மேடு பார்த்துத்தான் வெட்டுவான். தண்ணீரைப் பற்றி அவனுக்கு என்ன கவலை?

உங்கள் கந்தோர் அளவுக்காரரை அனுப்பியது ஆவணி மாதத்தில். நிலம் வெடித்துக் கிடக்கிற நேரம். மருத மரத்தடியில் ஆட்டுப் புழுக்கையும் காய்ந்த புல்லும் தவிர ஒன்றும் இல்லை. கொஞ்சம் தள்ளி, அழகான நேர்க்கோட்டில், வீதியின் இரண்டு பக்கமும் ஒரு ஆழமான பள்ளம். வந்தவர்கள் பார்த்தார்கள். இதுதான் வாய்க்கால் என்று எழுதிக்கொண்டு போனார்கள். வழியில் போன ஒருவரிடமும் கேட்கவில்லை. கொழும்பில் பிளான் கீறினார்கள். அந்தப் பிளானில், மாண்டுபோன சண்டையின் அகழிக்கு நீங்கள் ஒரு மதகு வைத்தீர்கள்.

மதகுக்குக் கம்பி கட்டத் தொடங்கிய அன்றுதான் எங்களுக்கு விசயம் தெரிந்தது. தலைவர், நான், அக்கா மூவரும் போனோம். அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அத்தான் இல்லை. தனி ஆளாக அந்த வயலைச் செய்கிறவள். வீடும் வயலோடுதான். நான் சத்தம் போடுகிறவன். அவள் கேள்வி கேட்கிறவள். அவளுடைய கேள்விக்கு நான் சின்ன வயதிலிருந்து பயம்.

ஐயா அங்கே நின்றார். பக்கத்தில், சிங்களப் பகுதியான தெற்கு மாகாணத்திலிருந்து வந்த ஒப்பந்தகாரரின் மேற்பார்வைக்காரர் பிளானை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, உது வாய்க்கால் இல்லை," என்றாள் அக்கா. "உது சண்டைக்கு வெட்டின கிடங்கு. உதுக்குள்ள தண்ணி வராது."

ஐயா தலையைச் சாய்த்துக் கேட்டார். பொறுத்தார். "நீங்கள் சொல்லுறது முழுக்கச் சரி, அக்கா."

"அப்ப ஏன் உதில கட்டுறியள்?"

"அது நல்ல கேள்வி."

"தண்ணி என்ர வயலால வந்து மருத மரத்தடியாலதான் றோட்டைக் கடக்கிறது. அதில கட்டுங்கோ."

"அதில கட்டுறதுதான் சரி."

மேற்பார்வைக்காரர் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "அப்ப சேர், அங்க போடுறதா?"

"இல்லையில்லை. பிளானில இருக்கிற இடத்திலயே போடுங்கோ."

குரல் மாறவில்லை. முகம் மாறவில்லை. ஒரே மூச்சில் எங்களுக்கும் சரி, பிளானுக்கும் சரி. தலைவருக்கே வாய் திறந்துவிட்டது.

பிறகு ஐயா எங்களை ஒதுக்கிக்கொண்டு போய், உங்கள் கந்தோர் எப்படி வீதி கட்டுகிறது என்று விளங்கப்படுத்தினார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன், பிழை இருந்தால் நீங்கள் திருத்துங்கள்.

"மதகை இடம் மாத்தி அரக்கிறதெண்டா பிளான் திரும்பக் கொழும்புக்குப் போகோணும். கொழும்பு, பிளான் கீறின கொம்பனியைக் கேக்கோணும். கொம்பனி, கடன் குடுத்த வங்கியைக் கேக்கோணும். வங்கிக்காரர் ஆக்களை அனுப்பி இடத்தைப் பாப்பினம். பாத்துச் சரியெண்டாத்தான் அரக்கலாம்."

"எப்ப வந்து பாப்பினம்?" என்று அக்கா கேட்டாள்.

"அவை வழக்கமா ஆவணியிலதான் வாறவை."

"ஆவணியில வந்தா இஞ்ச தண்ணியே இராதே ஐயா. என்னத்தைப் பாப்பினம்?"

"முழுக்கச் சரி," என்றார் ஐயா.

அதுமட்டும் இல்லையாம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வைகாசியில் சனம் திரளுமாம். அதற்கு முன்னம் வீதியைத் திறந்துவிட வேண்டுமாம். திறக்க வருகிற பெரியவருக்கு நாள் குறித்தாகிவிட்டதாம். தண்ணீர் வரும் மாதத்தைப் பார்த்துக் கட்ட வேண்டிய வீதியை, ரிபன் வெட்டும் மாதத்தைப் பார்த்துக் கட்டினீர்கள்.

வைகாசிக்கு முன்னமே திறந்தீர்கள். பந்தல், மாலை, மூன்று மொழியில் கல்வெட்டு. வீதி வழுவழு என்று இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். என் கடைக்கு ஒரு மாதம் ஆளே வரவில்லை. வற்றாப்பளைக்கு நடந்து போன சனம் வெயிலுக்குப் புது மதகுக்குள் இறங்கி இளைப்பாறியது. நல்ல குளிர்ச்சி, கட்டினவனுக்குப் புண்ணியம் என்று சொல்லிவிட்டுப் போனது. அந்த மதகால் ஒருவருக்கு நன்மை கிடைத்தது என்றால் அன்றைக்குத்தான்.

கார்த்திகையில் மழை பிடித்தது.

வீதியை இடுப்பளவுக்கு உயர்த்தியிருந்தீர்கள். தெற்கிலிருந்து வந்த தண்ணீர் மருத மரத்தடிக்கு வந்து, வழி இல்லாமல் நின்றது. நின்று நிரம்பியது. குளம் கட்டத் தெரிந்த நாடு இது. ஆனால் குளம் கட்டுகிறோம் என்று தெரியாமலே குளம் கட்டியது உங்கள் கந்தோர் ஒன்றுதான். அக்காவின் வயலில் மாரியில் விளைகிற காலபோக நெல் குடலைப் பருவம். கதிர் வெளியே வருவதற்கு முன்னம் தண்ணீருக்குள் போனது. பிறகு வீட்டு வளவு, பிறகு குசினி. அடுப்புக்கு மேலால் தண்ணீர்.

மதகு? மதகு காய்ந்து கிடந்தது. ஊரெல்லாம் வெள்ளம், மதகுக்குள் புழுதி. நாய்கள் முதலில் கண்டுபிடித்தன. பிறகு எங்கள் இளந்தாரிகள் சாக்கை விரித்துச் சீட்டுக்கட்டை எடுத்துக் கடுதாசி விளையாடத் தொடங்கினார்கள். யாரோ கன்றுக்குட்டியைக் கொண்டுவந்து கட்டினார்கள். தண்ணீர் போவதற்காகக் கட்டிய ஒன்றில் தண்ணீருக்கு மட்டும்தான் இடம் கிடைக்கவில்லை.

ஐயா வந்தார். அதுதான் அவரை ஏச முடியாமல் செய்கிறது. வேறு யாராக இருந்தாலும் சுகவீனம் என்று கிளிநொச்சியில் படுத்திருப்பார்கள். இவர் காலையிலேயே குடையோடு வந்து, காற்சட்டையை முழங்காலுக்கு மேலே மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். என்னோடு சேர்ந்து அலுமாரியைத் தூக்கிக் கல்லின் மேல் வைத்தார். விதைநெல் மூட்டையைத் தன் தோளில் சுமந்து கப் வாகனத்தில் ஏற்றினார். அக்காவைப் பார்த்து, "நீங்கள் அண்டைக்குச் சொன்னது முழுக்கச் சரி, அக்கா," என்றார். அவருடைய கண் சிவந்திருந்தது. அது மழைத் தண்ணீரால் இல்லை.

அக்கா அழவில்லை. "ஐயா, றோட்டை வெட்டப்போறம்," என்றாள்.

"அதுதான் சரி."

"இப்பிடி எனக்கு மட்டும் சொல்லாதையுங்கோ. தலைவர் நிக்கிறார். ஊர் நிக்குது. எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ."

ஐயா திரும்பினார். "வெட்டுறதுதான் சரி. வேற வழியில்லை," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

மருத மரத்தடியில் இரும்பு அலவாங்கால் தாரைக் கிளப்பினோம். அக்காதான் மண்வெட்டியை முதலில் போட்டாள். மழை ஊற்றிக்கொண்டிருந்தது. ஐயா என்ன செய்தார் தெரியுமா? வெட்டுகிற அக்காவுக்கு மேலே தன் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தான் நனைந்துகொண்டு நின்றார். கடைசி மண் உடைந்து தண்ணீர் வடக்கே பாய்ந்தபோது ஊரே கத்தியது. பின்னேரம் அக்காவின் குசினியில் நிலம் தெரிந்தது.

அதே பின்னேரம் ஐயா என் கடை வாங்கில் இருந்தார். ஈரச் சட்டை. வீதி துண்டாகிப் பஸ் நின்றுபோன செய்தி அதற்குள் கொழும்புக்குப் போய்விட்டது. போன் அடித்தது. இந்தப் பக்கத்துக் கதை மட்டும் எனக்குக் கேட்டது.

"ஓம் சேர். முழுக்கச் சரி சேர். நாட்டின்ர சொத்துத்தான் சேர். ஓம், விட்டா எல்லா இடமும் வெட்டுவினம் சேர். நீங்கள் சொல்லுறதுதான் சரி சேர்."

போனைச் சட்டைப் பையில் வைத்தார். நான் டயரை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன ஐயா?" என்றேன்.

"பொலிசில ஒரு முறைப்பாடு குடுக்கோணுமாம், தம்பி."

"ஆருக்கு எதிரா?"

அவர் எழும்பி, வாங்கில் பட்ட ஈரத்தைக் கையால் துடைத்துவிட்டுப் போனார். நேரே பொலிசுக்குப் போனார்.

வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட முதலாவது ஆள் என் அக்கா. ஏன் என்றால், ஒப்பந்தகாரரின் ஆட்கள் படம் எடுத்திருந்தார்கள். கட்டிய பிறகு குறித்த காலத்துக்கு வீதியில் பழுது வந்தால் ஒப்பந்தகாரர்தான் திருத்திக் கொடுக்க வேண்டும் என்பது உங்கள் சட்டம். இது தங்கள் பழுது இல்லை, சனம் செய்த பழுது என்று காட்டுவதற்காக எடுத்த படம். அதில் அக்கா மண்வெட்டியோடு நிற்கிறாள். அவளுக்கு மேலே குடை தெரிகிறது. குடையைப் பிடித்திருக்கிற கை தெரிகிறது. ஆள் தெரியவில்லை. உங்கள் கந்தோரை யாராவது படம் கீறச் சொன்னால் நான் அதைத்தான் கொடுப்பேன்.

நீதவான் கோட்டில் ஐயா அரச தரப்புச் சாட்சி. எங்கள் சட்டத்தரணி எழும்பிக் கேட்டார்: "வீதியை வெட்டுவதுதான் சரி என்று நீங்கள் ஊராருக்கு முன்னால் சொன்னீர்களா?"

"ஓம், சொன்னனான்," என்றார் ஐயா.

எனக்கு உயிர் வந்தது. பொலிஸ் தரப்பு எழும்பியது: "அதிகாரியின் எழுத்து அனுமதி இல்லாமல் தேசிய வீதியை வெட்டுவது குற்றம்தானே?"

"ஓம். அதுவும் சரி."

"எழுத்தில் அனுமதி கொடுத்தீர்களா?"

"இல்லை."

பின் வாங்கில் யாரோ சிரித்தார்கள். நீதவான் நிமிர்ந்து ஐயாவைப் பார்த்தார். இந்த மனிதர் பகிடி விடுகிறாரா என்று யோசித்திருப்பார். ஐயா பகிடி விடவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் பொறுத்துக்கொண்டு நின்றார். வழக்குத் தவணை போனது. அன்றிலிருந்து தவணை தவணையாகப் போய்க்கொண்டே இருக்கிறது. அக்கா ஒவ்வொரு தவணைக்கும் நல்ல சேலை கட்டிக்கொண்டு, வயலை விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போகிறாள். தரிப்பிடத்தில் ஏறுவதில்லை. அங்கே ஆடுகள் இருக்கின்றன.

பிறகு ஐயாவுக்குப் பதவி உயர்வோடு மாற்றம் வந்தது. இது எங்களுக்கு முதலில் விளங்கவில்லை, இப்போது நன்றாக விளங்குகிறது. அவர் இருந்த காலம் முழுவதும் எங்கள் பகுதியிலிருந்து உங்களுக்கு ஒரு முறைப்பாடும் வரவில்லை. எப்படி வரும்? முறைப்பாட்டோடு போனவன் எல்லாம் சந்தோசமாகத் திரும்பி வந்தான். உங்களுக்கு வேண்டியது அப்படிப்பட்ட ஆள்தான். தார் போட ரோலர், தண்ணீர் இறைக்க மோட்டர், சனத்தை அமத்த ஐயா.

கமக்காரர் அமைப்புப் பிரியாவிடை வைத்தது. எதற்கு என்று நான் தலைவரோடு சண்டை பிடித்தேன். "விடடா, நல்ல மனுசன்," என்றார். பொன்னாடை போர்த்தினார்கள். தலைவர் பேசும்போது, ஐயா எல்லாம் செய்தார், மதகு மட்டும் பிழையாகப் போய்விட்டது என்று மெதுவாகச் சொன்னார். ஐயா கதிரையிலிருந்தபடியே தலையாட்டினார். எல்லாரும் வடை தின்றார்கள்.

அக்கா கடைசியில் வந்தாள். கையில் ஒரு கறுப்புக் குடை. வெட்டிய அன்று அவளுடைய வீட்டில் விட்டுப்போனது.

"இந்தாங்கோ ஐயா, உங்கட குடை."

"உங்களிட்டயே இருக்கட்டும், அக்கா. மாரி வருது."

"மாரி வரும் எண்டு உங்களுக்குத் தெரியுது. கந்தோருக்குத் தெரியேல்லையே."

ஐயா வாயைத் திறந்தார். அந்த வசனம் அவருடைய பல்லுக்குப் பின்னால் வந்து நின்றதை நான் கண்டேன். அக்கா கையைக் காட்டி மறித்தாள்.

"சரியெண்டு சொல்லாதையுங்கோ ஐயா. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் இப்ப கோட்டடிக்குப் போய்வாறன்."

ஐயா குடையை வாங்கிக்கொண்டு போனார். வெளியே வெயில் எரித்தது. குடையை விரிக்காமல், அதைக் கையில் தூக்கிக்கொண்டு வெறும் தலையோடு வாகனம்வரை நடந்தார். பொன்னாடை ஒரு பக்கம் வழுகி விழுந்து நிலத்தில் இழுபட்டது. அவருக்காக எனக்கு மனம் இரங்கியது. இரங்கியதற்காக என்மேலேயே கோபம் வந்தது.

இப்போது அவர் உங்கள் தலைமைக் கந்தோரிலேயே இருக்கிறார் என்று கேள்வி. இருக்கட்டும். உங்களுக்குப் பொருத்தமான ஆள்.

புதிதாக வந்திருக்கிற இஞ்சினியர் வாகனத்தை விட்டு இறங்குவதில்லை. வெட்டிய இடத்தை ஆட்களை வைத்து இறுக்கி மூடித் தார் போட்டுவிட்டார். அந்த ஒட்டு, வீதியிலேயே நல்ல வேலை. நான்கூட அப்படி ஒட்ட மாட்டேன். மதகைப் பற்றிக் கேட்டோம். "உங்கட ஊரில ஒரு முறைப்பாடும் இல்லையே," என்றார். மதகு மட்டும்தான் தங்களுடையதாம், தண்ணீர் நீர்ப்பாசனக்காரருடையதாம், வீதியோர வடிகால் கான் பிரதேச சபையுடையதாம். நீர்ப்பாசனத்தில் கேட்டால், வீதியில் முட்டும்வரைதான் தண்ணீர் எங்களுடையது என்கிறார்கள். முட்டிய பிறகு யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. நான் சொல்கிறேன். முட்டிய பிறகு அது என் அக்காவின் குசினியுடையது.

அக்கா இந்தமுறையும் விதைத்திருக்கிறாள். விதைக்காமல் என்ன செய்வாள்? இன்னும் கொஞ்ச நாளில் மழை பிடிக்கும். வழக்கு முடியாமல் கிடக்கிறது. இன்னொரு தரம் வீதியில் மண்வெட்டி பட்டால் உள்ளே போக வேண்டி வரும் என்று சட்டத்தரணி சொல்லிவிட்டார். வெட்டினால் அவள் சிறை மறியலுக்குள், வெட்டாவிட்டால் வயல் தண்ணீருக்குள். நேற்று அவள் மண்வெட்டியைத் தீட்டிக்கொண்டு இருந்தாள்.  

ஆகவே கந்தோர்த் தலைவரே, நீங்கள் வாருங்கள். ஆவணியில் வந்து காய்ந்த நிலத்தைப் பார்க்க வேண்டாம். மழையில் வாருங்கள். ஊரைக் கூட்டுவது என் பொறுப்பு. கூட்டத்தை மதகுக்குள்ளேயே வைக்கலாம், எங்கள் ஊரில் அதைவிடக் காய்ந்த இடம் இல்லை, உங்கள் சப்பாத்து நனையாது. ஒலிபெருக்கி கட்டித் தருகிறேன். அதில் எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள். எங்கள் தண்ணீர் எந்த வழியால் போக வேண்டும்? என் அக்கா வெட்டியது குற்றமா, நீங்கள் கட்டியது குற்றமா? இந்த மாரிக்கு அவள் மண்வெட்டியை எடுக்கவா, வைக்கவா?

நாங்கள் பிழை என்று நீங்கள் சொன்னாலும் பரவாயில்லை, நின்று பதில் சொல்வோம். ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு வாகனம் ஏறப் பார்க்காதீர்கள். நாங்கள் சொல்வது முழுக்கச் சரி என்று மட்டும் சொல்லாதீர்கள்.